நாலு டைல்ஸ் உடைக்க அனுமதி

ஜூன் 28, புதன்

எங்கள் குளியலறைக்கு நேர் கீழே துளசிமணி ஆன்ட்டியின் பூஜை அறை இருக்கிறது. இந்த அடுக்குமாடி வீட்டுக்குப் படம் வரைந்தவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவராகவோ குளிக்கும் பழக்கம் இல்லாதவராகவோ இருந்திருக்க வேண்டும். எட்டு வருடமாக இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இன்று நினைக்க வேண்டியதாகிவிட்டது.

அம்மா வேலை பார்க்கும் கண் மருத்துவமனையிலிருந்து ஆறரைக்கு வந்தாள். கைப்பையை வைப்பதற்குள் ஆன்ட்டி கூப்பிட்டு அனுப்பினார். இருவரும் போனோம். பூஜை அறை சீலிங்கில் ஆமை வடிவத்தில் ஈரம். ஆமையின் தலையிலிருந்து சொட்டு விழுகிறது. நிமிடத்துக்கு ஒன்பது. இரண்டு முறை எண்ணினேன்.

"எங்க முருகனுக்கு நான் பால் ஊத்தறேன், பன்னீர் ஊத்தறேன். மேல இருந்து நீங்க எதை ஊத்தறீங்கன்னு நெனச்சாச் சோறு எறங்க மாட்டேங்குது சுகுணா" என்றார் ஆன்ட்டி.

சாமி படங்களையும் வெண்கல முருகனையும் அவர் ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றி வைத்திருக்கிறார். பேசிக்கொண்டே மோர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். திறப்பதற்கு முன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பதினேழாந்தேதி ஆடி ஒண்ணு. ஆடி பொறந்துட்டா எங்க வீட்டுல சாமிய எடம் மாத்த மாட்டோம். அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்துரு. இல்லைன்னா ஆடி பூராவும் முருகன் முட்டைக்கும் இட்லி மாவுக்கும் மேல உக்காந்திருக்கணும்."

அம்மா கண்டிப்பாகச் செய்துவிடுவதாகச் சொன்னாள். அப்பா நாக்பூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். அதனால் பிளம்பர் பார்ப்பதும் அம்மாவின் வேலைதான்.

ஜூன் 29, வியாழன்

நம்பகமான பிளம்பரை எப்படித் தெரிந்துகொள்வது என்று பள்ளி நூலகத்தில் தேடினேன். மின்சாரம், தோட்டம், தேனீ வளர்ப்பு எல்லாவற்றுக்கும் புத்தகம் இருக்கிறது. பிளம்பருக்கு இல்லை. தேனீ வளர்ப்பை எடுத்து வந்தேன்.

ஜூலை 1, சனி

மருத்துவமனை வாட்ச்மேன் சொன்ன பிளம்பர் இன்று வந்தார்.

அவர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஆண்கள் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். படுக்கையறையில் ஃபேனைப் போட்டுக் கதவைச் சாத்தினாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், கேபிள்காரர், யார் வந்தாலும் இப்படித்தான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பது தெரிய வேண்டாம் என்று அம்மா நினைக்கிறாள். இன்றுதான் அந்தச் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். பத்தாம் எண். அடியில் மண்ணே இல்லை. அப்பாவின் அளவு எட்டு. இருந்தபடியே திருப்பி வைத்தேன்.

பிளம்பர் குளியலறைத் தரையை ஷூவால் இரண்டு தட்டுத் தட்டினார். "பூராவும் ஒடச்சு, பைப் பூராவும் மாத்தணும். பத்து நாள் ஆகும். சார் இல்லீங்களா?" என்றார்.

"உள்ள தூங்கறார். நைட் டூட்டி."

"எழுப்புங்க. இதெல்லாம் சார்கிட்டப் பேசிக்கறேன்."

"எழுப்பினா கோபப்படுவார்."

அவர் குளியலறையை விட்டு வெளியே வந்து கூடத்தைப் பார்த்தார். சமையலறையை எட்டிப் பார்த்தார். "பகல்ல நீங்க ரெண்டு பேருதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லி அனுப்புகிறோம் என்றாள். அவர் இறங்கிப் போகும்வரை கையை எடுக்கவில்லை.

குளியலறைக் கதவில் ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டினேன். "குழாய்க் கசிவு சீராகும் வரை அரை வாளிக்கு மேல் நீர் பயன்படுத்துதல் கூடாது." வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். ஆனாலும் எழுத்தில் இருந்தால் நல்லது.

ஜூலை 4, செவ்வாய்

இரண்டாவது பிளம்பர் போனில் "வந்துட்டே இருக்கேனுங்க" என்று நான்கு முறை சொன்னார். இந்நேரம் சேலம் தாண்டியிருப்பார்.

ஜூலை 7, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் துளசிமணி ஆன்ட்டி விளக்கேற்றி எங்கள் கட்டடத்துப் பெண்களைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுப்பார். அம்மா இதற்காகவே மருத்துவமனையில் அரை மணி முன்னதாக அனுமதி வாங்கி வருவாள். வேறெதற்கும் வாங்கமாட்டாள். இன்று சாமி ஃப்ரிட்ஜ் மேல் இருந்ததால் எல்லோரும் சமையலறையில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாம் மாடி வத்சலா ஆன்ட்டியைக் காணோம். போன வருடத்திலிருந்தே அவரைக் கூப்பிடுவதில்லை. துளசிமணி ஆன்ட்டி கெட்டவர் இல்லை. எனக்கு அம்மை போட்டிருந்தபோது பதினோரு நாளும் வேப்பிலை கொண்டுவந்தவர் அவர்தான். "அவ வீட்டுக்காரன் விட்டுட்டுப் போயிட்டான் பாவம். இதுக்கெல்லாம் கூப்பிட்டு எதுக்கு அவளச் சங்கடப்படுத்தணும்?" என்று இன்றும் அன்பாகத்தான் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரரு எப்ப வர்றாரு? மூணு பொங்கலும் வரலியே?" என்றார்.

"ஆடிக்கு லீவு கேட்டிருக்காருங்க்கா. போன்ல சொன்னார்."

எப்போது சொன்னார் என்று தெரியவில்லை. ஒரு வாரமாக மாலையில் அம்மாவின் போன் என் கையில்தான் இருக்கிறது, பிளம்பர்களுக்குப் பேச.

திரும்பி வரும்போது படியில் வத்சலா ஆன்ட்டி காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தார். அம்மாவின் நெற்றியைப் பார்த்தார், ஆனால் வேறு விஷயம் பேசினார். "பிளம்பர் தேடறயாமே? நாச்சிமுத்துன்னு ஒருத்தர் இருக்கார். நான் தனியா இருக்கறப்பவே வந்து வேலை பார்த்தார். கதவத் தெறந்தே வெச்சுக்குங்க அம்மிணின்னு அவரே சொல்லிட்டுத்தான் உள்ள வந்தார்."

அம்மா எண்ணை வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 8, சனி

நாச்சிமுத்து அண்ணா சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். வாசலில் செருப்பைப் பார்த்தார். தன் செருப்பை அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளிக் கழற்றினார். படுக்கையறைக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா தூங்கறாராட்ட இருக்குதுங்க. மெதுவாவே பேசிக்கலாம்."

அதன் பிறகு இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் கிசுகிசுத்தே பேசினார். நாங்களும் கிசுகிசுத்தோம். எங்கள் வீட்டில் நாங்களே!

முதலில் குளியலறைக்கு வரும் வால்வை மூடிவிட்டு என்னைக் கீழே சொட்டு எண்ணச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்தும் நிமிடத்துக்கு ஏழு. "அப்ப நல்ல தண்ணி பைப்புல குத்தமில்லீங்க. வெளிய போற தண்ணிதான் எங்கயோ எறங்குது" என்றார். அடுத்து, ஜாலியில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஊற்றினால் கீழே நீலமாக வருகிறதா என்று பார்க்கலாம் என்றார். ஜாலி என்பது தரைத் தண்ணீர் இறங்குகிற சல்லடை. துளசிமணி ஆன்ட்டி மேலே ஏறி வந்துவிட்டார்.

"சாமி ரூம்ல நீலமா? வெள்ளை அடிச்சு ஒரு வருசம்கூட ஆகலீங்க. மஞ்சத் தண்ணி ஊத்துங்க."

"மஞ்சளும் கறைதானுங்க."

"அது வேற கறை."

அவரே மஞ்சள் டப்பாவைக் கொண்டுவந்தார். அண்ணா கரைத்து ஊற்றினார். நான் கீழே ஆமைக்கு அடியில் வெள்ளைத் தட்டோடு நின்றேன். பதினான்காவது நிமிடம் விழுந்த சொட்டு மஞ்சளாக இருந்தது. "மஞ்சள்!" என்று கத்திக்கொண்டே மாடி ஏறினேன். அண்ணா பதறிப்போய்ப் படுக்கையறைக் கதவைக் காட்டி, "மெதுவா கண்ணு, மெதுவா" என்றார்.

ஜாலியைச் சுற்றி நாலே நாலு டைல்ஸ் உடைத்தால் போதுமாம். ஒரு நாள் வேலை. முதலில் வந்தவர் பத்து நாள் என்றாரே என்றேன். "அவரு கண்ணு வேற, என் கண்ணு வேற. என்னுது நாலு டைல்ஸ்தான் பாக்குது" என்றார். அம்மா சிரித்தாள். அம்மா சிரித்துப் பல நாளாகிறது.

"சரி அம்மிணி, ஐயா எந்திரிச்சதும் ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிச்சரலாமுங்க."

"நான்தான் சொல்றேனே, உடைங்கண்ணா. வீடு என் பேர்லதான் இருக்கு."

"பேரு யாருதா இருந்தா என்னங்க, கத்தறவரு ஐயாதானுங்களே."

போன வருடம் ஒரு வீட்டில் அந்த அம்மா சொன்னதை நம்பி உடைத்தாராம். மாலையில் வந்த கணவர் யாரைக் கேட்டு உடைத்தாய் என்று அந்த அம்மாவை இவர் கண் முன்னாலேயே அடித்துவிட்டாராம்.

"திட்டு வாங்கறது எனக்குப் பழக்கமுங்க. அடுத்தவங்களுக்கு வாங்கிக் குடுக்கறது பழக்கமில்லீங்க. அன்னையில இருந்து ஐயா வாயால சொல்லாம உளி எடுக்கறதில்ல."

"அவர் இப்ப வெளிய போயிருக்கார்" என்றாள் அம்மா.

"செருப்பு இருக்குதுங்களே?"

"வேற செருப்புப் போட்டுட்டுப் போயிருக்கார்."

அண்ணா செருப்பைப் பார்த்தார். சாத்திய கதவைப் பார்த்தார். இரண்டு மணி நேரம் யாருக்காகக் கிசுகிசுத்தோம் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். "ஆகட்டுமுங்க. போன்ல ஒரு வார்த்தை சொன்னாக்கூடப் போதும். இந்தத் தெருக்கோடியிலதான் வெள்ளிக்கெழம வரைக்கும் வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 9, ஞாயிறு

குழாயில் சிறுவாணிக் குடிநீர் வந்தது. பதினேழு குடம். எல்லாவற்றையும் அம்மாவே தூக்கினாள்.

ஜூலை 11, செவ்வாய்

அப்பாவிடம் பேசுவதாகச் சொல்லி அம்மா மொட்டை மாடிக்குப் போய்விட்டு வந்தாள். அப்பா என்ன சொன்னார் என்றேன். லைன் கிடைக்கவில்லை என்றாள். போன் மேசைமேல் சார்ஜில் இருந்தது. அம்மா அதைப் பார்க்கும் முன் நான் புத்தகத்தை அதன்மேல் வைத்துவிட்டேன்.

ஜூலை 12, புதன்

அம்மா வேறு மூன்று பிளம்பர்களுக்குப் போன் செய்தாள். ஒருவர் ஆடி முடிந்து வருகிறேன் என்கிறார். ஒருவர் எடுக்கவில்லை. மூன்றாமவர் முதலில் வந்தவரேதான், வேறு எண்ணில்.

"நாச்சிமுத்து அண்ணா நல்லவரும்மா" என்றேன்.

"நல்லவர்தான். அதுதான் இப்ப கஷ்டமா இருக்கு" என்றாள்.

ஜூலை 13, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன். சரியா தவறா என்று முடிவு செய்யவில்லை. அதனால் கடிதத்தை மட்டும் இங்கே படி எடுத்து வைக்கிறேன்.

"நாக்பூர். பேரன்புடைய நாச்சிமுத்து அவர்களுக்கு, வணக்கம். எங்கள் இல்லத்தின் குளியலறையில் நான்கு தரையோடுகளை உடைத்துச் சீர்செய்ய இதன்வழி என் இசைவினைத் தெரிவித்துக்கொள்கிறேன். என் மனைவி சுகுணா எது சொன்னாலும் அது நான் சொன்னதாகும். நான் அவரிடம் ஒருபோதும் கத்த மாட்டேன். என் மகள் நித்திலா ஒன்பதாம் வகுப்பில் முதல் மாணவி. நிறைய நூல்கள் வாசிக்கிறாள். அவளைப் பற்றி நான் எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, க. இளவரசு."

கடைசி வரிகள் டைல்ஸுக்குத் தேவையில்லைதான். ஆனால் வெளியூரில் இருக்கும் ஒரு தந்தை இப்படி எழுதுவது இயல்பு. கையெழுத்தை என் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையைப் பார்த்துப் போட்டேன். அதற்குப் பிந்தைய அட்டைகளில் அம்மாவின் கையெழுத்துதான் இருக்கிறது.

ஜூலை 14, வெள்ளி

பள்ளி விட்டதும் தெருக்கோடிக்குப் போய்க் கொடுத்தேன். அண்ணா கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார். நீண்ட நேரம் படித்தார்.

"தபால்ல வந்துதா கண்ணு?"

"ஆமாங்கண்ணா."

"உறை?"

உறையைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை. கிழிந்துவிட்டது என்றேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நாளைக்குக் காலையில வர்றேன்னு அம்மாகிட்டச் சொல்லு" என்றார்.

ஜூலை 15, சனி

அண்ணா ஒன்பது மணிக்கு வந்தார். துளசிமணி ஆன்ட்டியும் கூடவே ஏறி வந்தார். நாளைக் காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை சாமியை இறக்க நல்ல நேரம், அதற்குள் முடியுமா முடியாதா என்று கேட்க.

அண்ணா குளியலறைக் கதவில் நான் ஒட்டிய அறிவிப்பைப் படித்தார். பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். அறிவிப்பையும் கடிதத்தையும் ஒரு முறை மாற்றி மாற்றிப் பார்த்தார். என் 'ழ'வை யாரும் மறக்க முடியாது, அதன் வாலை அப்படிச் சுழிப்பேன்.

அவர் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினார். "ஐயாகிட்ட இருந்து வந்துதுன்னு பாப்பா குடுத்துதுங்க. நீங்க பாக்காம வேலை ஆரம்பிக்கறது மொறை இல்லீங்களே."

"என்ன, நாக்பூர்ல இருந்து லெட்டரா?" என்று ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்.

அம்மா படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். 'கத்த மாட்டேன்' என்ற இடத்திலா, அதற்குக் கீழேயா தெரியவில்லை, கண்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டன. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கடிதத்தை நான்காக மடித்தாள். ஒரு பொய் போதும், ஆமாம் அவர் எழுதியதுதான் என்று சொன்னால் போதும், உடனே உளி எடுத்திருப்பார். ஆன்ட்டியும் நம்பியிருப்பார்.

"இது அவர் எழுதினது இல்லீங்கண்ணா. என் பொண்ணு எழுதினது."

"சரிங்க."

"இந்த வீட்டுல ஐயா இல்லை. நாக்பூர்லயும் இல்லை. எங்க இருக்கார்னு எனக்குத் தெரியாது. மூணு வருசமாச்சு. இங்க நானும் இவளும்தான். கத்தறதுக்கு ஆள் இல்லைங்கண்ணா. நீங்க உடைக்கலாம்."

அம்மா இதை அண்ணாவிடம்தான் சொன்னாள், ஆனால் சத்தமாகவே சொன்னாள். வெகு நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் கிசுகிசுக்காத பேச்சு. ஆன்ட்டி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். "எனக்கு அடுப்புல பால் இருக்குது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அண்ணா தலையாட்டினார். "நீங்க சொன்னாப் போதுமுங்க அம்மிணி. நான்தான் மொதல்லயே கேட்டிருக்கோணும்" என்றார். போய் வாசல் கதவை முழுக்கத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் கருவிப் பையை முட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். பிறகு உளியை எடுத்தார்.

நாலு டைல்ஸ்தான். ஐந்தாவதில் கீறல்கூட விழவில்லை. கட்டியவர்கள் இரண்டு குழாய் சேருமிடத்தில் சிமென்ட் சாக்கைச் சுற்றி மேலே பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். எட்டு வருடத்தில் அது மக்கிப்போய்விட்டது. அண்ணா அதைப் பிய்த்து எடுத்துக் காட்டினார். புதுக் குழாய் வைத்து, பூசி, நாளைக் காலைவரை தண்ணீர் படக் கூடாது என்றார். மாலையில் நான் கீழே போய் எண்ண வேண்டும். ஆனால் போகவில்லை. ஆன்ட்டி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அம்மா சாப்பிடும்போது கேட்டாள்.

"இசைவுன்னா என்ன?"

"சம்மதம்."

"சம்மதம்னே எழுதியிருக்கலாமே."

"எழுதியிருக்கலாம்."

"நீ ரெண்டாவது ரேங்க்தானே?"

"அப்பாவுக்குத் தெரியாதில்லம்மா."

அம்மா எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். நான் கேட்கவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

அம்மா எட்டு மணிக்கே குளித்துத் தயாராகிவிட்டாள், அண்ணா அனுமதித்த புதுத் தரையில், முழு வாளி. எங்கும் போவதாகச் சொல்லவில்லை. ஆனால் நல்ல புடவை. கீழே ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. ஆன்ட்டி வீட்டுப் பூஜைக்கு முதல் மாடியில் கூப்பிட்டார்கள். எதிர் வீட்டில் கூப்பிட்டார்கள். ஒன்பதரை ஆயிற்று. அம்மா வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். ஒரே காயை மிகச் சிறியதாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு ஆன்ட்டி தானே வந்தார். மூச்சு வாங்கியது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"சொட்டு நின்னுருச்சு சுகுணா. முருகன எறக்கணும். எட்ட மாட்டேங்குது. ஸ்டூல் போட்டா எனக்குத் தலை சுத்தும். வந்திருக்கறவளுக எல்லாம் என்னையாட்டக் குட்டை. நீதான் ஒசரம்." ஏற்றும்போது மட்டும் எட்டியிருக்கிறது.

அம்மா கையைக் கழுவினாள். மேல்படியை நோக்கி, "வத்சலாவும் ஒசரம்தானுங்க்கா. கூப்பிட்டுக்கவா?" என்றாள்.

ஆன்ட்டி ஒரு படி இறங்கினார், நின்றார். "நேரமாகுது. கூட்டிட்டுச் சீக்கிரம் வா" என்றார்.

அம்மா முருகனைத் தூக்கினாள். வத்சலா ஆன்ட்டி படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சீலிங்கில் மஞ்சள் ஆமை காய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் பத்து இருபதுக்குள் முடிந்தது. துளசிமணி ஆன்ட்டி விளக்கேற்றிவிட்டுக் குங்குமத் தட்டை எடுத்தார். வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார். அம்மாவின் முன்னால் வந்ததும் அவர் கை தட்டுக்கும் நெற்றிக்கும் நடுவில் நின்றுவிட்டது. அவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அம்மா தட்டிலிருந்து தானே குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டாள். மறுபடி தொட்டு எனக்கு வைத்தாள். பிறகு தட்டை ஆன்ட்டியின் கையிலிருந்து மெதுவாக வாங்கி, வத்சலா ஆன்ட்டியிடம் நீட்டினாள்.